ஹெபடைடிஸ் ஏ வந்தவருக்கு கிட்னி டெஸ்ட் எதற்கு?

பிப்ரவரி 4 (கேள்வி)

ஹெபடைடிஸ் ஏ தானாக வந்து தானாகப் போகிற காமாலை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பி, சி மாதிரி உடம்பிலேயே தங்கிவிடாது. என் மச்சானுக்கு வந்து ஐந்து நாளாகிறது. தினமும் கிரியேட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம், சுகர் என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கல்லீரல் நோய்க்குக் கிட்னியில் என்ன வேலை? பில் ஏற்றுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

அனுபவப்பட்டவன்தான். போன நவம்பரில் ஹெபடைடிஸ் ஏ, ஐந்து முறை டயாலிசிஸ். எடுக்கட்டும், விடுங்கள்.

பிப்ரவரி 5

நேற்று எரிச்சலில் ஒரு வரியோடு முடித்துவிட்டேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

வயது 38. பிரஷர், சர்க்கரை எதுவும் கிடையாது. முதல் நான்கு நாள் காய்ச்சல், உடம்பு வலி, ஓயாத வாந்தி. ஐந்தாம் நாள்தான் கண் மஞ்சளானது. கல்லீரல் செல்கள் சிதைந்தால் ஏறும் எஸ்ஜிபிடி 3,400, மஞ்சள் நிறமியான பிலிருபின் 14, புதுத் தொற்றைக் காட்டும் ஹெபடைடிஸ் ஏ ஐஜிஎம் பாசிட்டிவ், கிட்னி கெட்டால் ஏறும் கிரியேட்டினின் 1.1. "ஏ தானே" என்று எல்லோருக்கும் நிம்மதி. அன்றிலிருந்து வீட்டில் ஒரே வேலை, காலையில் என் கண் இமையை இழுத்துப் பார்ப்பது. மஞ்சள் கூடியதா குறைந்ததா என்று மூன்று பேர் மூன்று தீர்ப்பு சொல்வார்கள். நான் எத்தனை முறை சிறுநீர் கழித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் யோசித்துப் பார்த்தால் முந்தின நாள் முழுக்க இரண்டே முறை, அதுவும் கொஞ்சமே கொஞ்சம். நிறம் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி. காமாலை என்றால் சிறுநீர் கறுக்கத்தான் செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆயிற்றே, அதனால் அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒன்பதாம் நாள் கிரியேட்டினின் 3.9. இன்னும் இரண்டு நாளில் 6.8, பிலிருபின் 41, 14.2 இருந்த ஹீமோகுளோபின் 8.1. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

வைரஸ் கல்லீரலோடு நிற்காமல் கிட்னிக்குள்ளும் புகுந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

பிப்ரவரி 6

அவ்வளவுதான் விஷயம் இல்லை. நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். வைரஸ் கிட்னியைத் தாக்கியது என்று அதில் எங்கும் இல்லை. மூன்று காரணங்கள் எழுதியிருக்கிறார்கள்: நீர் வறட்சி, வலி மாத்திரை, நிறமி.

நீர் வறட்சி புரிகிறது. நாலு நாள் வாந்தி, குடித்தது ஒன்றும் தங்கவில்லை, ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது சிறுநீரகம்தான். நிறமி என்றால் பிலிருபினும் ஹீமோகுளோபினும். பிலிருபின் ஏகத்துக்கு ஏறும்போது அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அச்சு வார்த்த மாதிரி உறைந்து அடைக்கும், குழாய்ச் சுவரின் செல்களையும் கெடுக்கும். சிவப்பணுக்கள் உடைந்து வெளியே கொட்டும் ஹீமோகுளோபினும் அதே குழாய்களில்தான் போய் உட்காரும். எனக்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது.

இது தவிர, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் நோய் எதிர்ப்புக் கூட்டுப்பொருள்கள் சிறுநீரக வடிகட்டியில் படிந்து அழற்சி வருவதும் உண்டு. அரிதுதான். அப்போது சிறுநீரில் புரதம் நிறையப் போகும், நுரைக்கும். எனக்கு அது இல்லை.

மேலே ஒருவர் ஹெபடோரீனல் சின்ட்ரோமா என்று கேட்டிருக்கிறார். இல்லை. அது கல்லீரல் மோசமாகச் செயலிழந்த நிலையில், கிட்னி தன்னளவில் நன்றாக இருந்தும் அதற்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் வருவது. என் கல்லீரல் தள்ளாடியது, விழவில்லை. ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐஎன்ஆர் 2.1-க்கு மேல் போகவில்லை, சுயநினைவும் தப்பவில்லை (ஒரு ராத்திரி தவிர, அதை அப்புறம் சொல்கிறேன்).

பிப்ரவரி 8

வலி மாத்திரை பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எழுதக் கூச்சமாக இருந்ததால்தான் தாண்டிப் போனேன்.

இரண்டாம் நாள் காய்ச்சலுக்குப் போன இடத்தில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள், ஐந்து மாத்திரையும் கொடுத்தார்கள். வெகு நாள் அந்த டாக்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று கண் மஞ்சளாகவே இல்லை, சாதாரண காய்ச்சல் என்றுதான் யாருமே நினைத்திருப்பார்கள். ஐந்தும் தீர்ந்த பிறகு நானாகக் கடையில் பத்து வாங்கி, கண் மஞ்சளான பின்னும் எட்டு போட்டேன். சேர்க்கும்போது "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான்தான். மனைவி பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

இந்த வகை மாத்திரைகள், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் எல்லாமே, சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் வாசலை விரித்து வைத்திருக்கும் புராஸ்டாகிளாண்டின்களைத் தடுத்துவிடும். உடம்பில் தண்ணீர் நிறைய இருக்கும்போது பெரும்பாலும் தெரியாது. வறண்டு கிடக்கும்போது கிட்னி நம்பியிருப்பது அந்த வாசலைத்தான், அதை இவை சாத்திவிடும். பாராசிட்டமாலைக் கல்லீரல் வீங்கியிருக்கும்போது இஷ்டத்துக்குப் போடக்கூடாது, அளவை டாக்டர் சொல்ல வேண்டும். ஆனால் "பாராசிட்டமால் லிவருக்கு ஆகாது" என்று பயந்து டைக்ளோஃபினாக்குக்கு ஓடுவதைத்தான் நான் செய்தேன்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் மச்சானின் ரிப்போர்ட்டைப் போட்டிருக்கிறார். பிலிருபின் 19, கிரியேட்டினின் 1.3, யூரியா 22. "கிட்னி நார்மல்தானே?" என்கிறார். எனக்கு இந்த இரண்டு எண்ணின் மேலும் முழு நம்பிக்கை போய்விட்டது, ஏன் என்று சொல்கிறேன்.

யூரியாவைச் செய்வது கல்லீரல். கல்லீரல் வேலை குறைந்து, சாப்பாடும் குறைந்தால், கிட்னி கெட்டிருந்தாலும் யூரியா அப்பாவியாக நிற்கும்.

கிரியேட்டினின் கதை இன்னும் வேடிக்கை. என்னை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிய அன்று காலை இங்கே 2.4, சாயங்காலம் அங்கே 3.9. ஒரே நாளில் இவ்வளவு ஏறுமா என்று எல்லோரும் பதறினோம். அங்கே லேப்பில் இருந்த பெண் சொன்னார், பழைய முறையில் அளந்தால் மஞ்சள் ரத்தத்தில் குறைத்துக் காட்டும் என்று. 1886-இல் மாக்ஸ் யாஃபே கண்டுபிடித்த வினைதான் இன்றும் பல லேப்களில் ஓடுகிறது: பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்து ஆரஞ்சு நிறம் தரும், நிறத்தின் ஆழத்தை வைத்து அளவு சொல்வார்கள். ரத்தத்தின் நீர்ப் பகுதியான சீரமே மஞ்சளாக இருந்தால் அந்தக் கணக்கு உதைக்கத்தானே செய்யும். நொதி முறையில் தொந்தரவு குறைவு, முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

அதனால் உங்கள் மச்சான் விஷயத்தில் நான் பார்ப்பது 1.3 என்ற எண்ணை அல்ல. முதல் நாள் எவ்வளவு இருந்தது, ஒரே லேப்பா, ஒரே முறையா? 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் வரையறை. 0.9-லிருந்து இரண்டு நாளில் 1.3 வந்திருந்தால் அது நார்மல் இல்லை. அப்புறம் ஒரு அளவுக் குடுவை வாங்கிக் கொடுங்கள். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி சிறுநீராவது வர வேண்டும், 70 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 840 மில்லி. குடுவைக்கு மஞ்சளும் தெரியாது, பிக்ரிக் அமிலமும் தெரியாது.

பிப்ரவரி 11

"இப்படி எத்தனை பேருக்கு ஆகிறது, எல்லோரையும் பயமுறுத்துகிறீர்களே" என்று ஒருவர். நியாயம்தான். கல்லீரல் முற்றாகச் செயலிழப்பது நூறில் ஒருவருக்கும் குறைவு. அப்படிச் செயலிழக்காத ஹெபடைடிஸ் ஏ-யிலும் சிறுநீரகம் அடிபடுவது, ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்குகளில் பொதுவாக 100-க்கு ஒன்றரையிலிருந்து ஐந்துக்குள் வருகிறது. அவை படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு வந்தவர்களின் கணக்கு, வீட்டிலேயே சரியானவர்கள் அதில் இல்லை. அதிலும் பெரும்பாலோர் முழுதாக மீண்டுவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வந்ததே தெரியாமல் போய்விடுகிற நோய் இது, ஆறு வயதுக்குள் இருந்தால் பத்தில் ஏழு பேருக்கு ஒரு அறிகுறியும் இராது. வயது ஏற ஏறத்தான் படுத்துகிறது.

பிப்ரவரி 12

அந்த ஒரு ராத்திரி.

பதினோராம் நாள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து என் தம்பியைப் பார்த்து, எப்போதோ விற்றுப்போன பைக்கின் சாவி எங்கே என்று கேட்டேனாம். தூக்கக் கலக்கம் என்று அவன் திருப்பிப் படுக்க வைத்தான். சட்டை நனையும் அளவுக்கு வேர்த்திருந்ததைப் பார்த்துவிட்டு நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 46. குளுக்கோஸ் ஏறி ஐந்து நிமிடத்தில் சாவியை மறந்துவிட்டேன்.

சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல். சேமித்து வைத்த கிளைகோஜனை உடைக்கும், தீர்ந்தால் புதிதாகவும் செய்யும். புதிதாகச் செய்யும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. இன்சுலினைக் கழித்துக் கட்டுவதும் இந்த இரண்டு உறுப்புகளும்தான். ஆக இரண்டும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் வரவு குறைந்து செலவு கூடிவிடுகிறது.

இதில் ஆபத்து என்னவென்றால், காமாலைக்காரர் உளறினால் உடனே "அம்மோனியா மூளைக்கு ஏறிவிட்டது" என்பார்கள், அல்லது என் தம்பி மாதிரி தூக்கம் என்பார்கள். முதலில் விரலில் குத்திப் பாருங்கள்.

அப்பா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது காமாலை என்று எழுதிய பெண்மணிக்கு: இன்றே அவருடைய டாக்டரிடம் பேசுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகைகள் இந்த நிலையில் உடம்பில் தங்கிச் சர்க்கரையை மணிக்கணக்கில் கீழேயே அழுத்தி வைக்கும். மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், லாக்டிக் அமிலத்தைச் சுத்தம் செய்வது கல்லீரல், இரண்டும் மந்தமானால் ரத்தம் புளித்துப்போகும்.

பிப்ரவரி 16

லேப் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார், ஹீமோகுளோபின் 14-லிருந்து 8-க்கு இறங்கியதே, ஜி6பிடி பார்த்தார்களா என்று. பார்த்தார்கள். நார்மல். எனக்கு அந்தக் குறைபாடு இல்லை.

தெரியாதவர்களுக்கு: சிவப்பணுவை ஆக்சிஜன் அரிப்பிலிருந்து காக்கும் நொதி அது. பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் சாதாரணமாக நன்றாகவே இருப்பார்கள், ஹெபடைடிஸ் மாதிரி ஒரு தாக்குதல் வந்தால் அணுக்கள் கூட்டமாக உடையும். பிலிருபின் 30-ஐத் தாண்டினாலே, வெறும் கல்லீரல் இல்லை, அணுக்கள் உடைகின்றனவா, கிட்னி நின்றுவிட்டதா என்று டாக்டர்கள் தேடத் தொடங்குவது அதனால்தான். எனக்குச் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் ரத்தம் மூன்று பிளஸ், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு ஒன்றுகூட இல்லை. உடைந்த அணுவின் சரக்கு மட்டும் வந்திருக்கிறது என்று அர்த்தம். எதனால் உடைந்தது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. காய்ச்சலின் கடுமை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 17

அந்த லேப்காரர் விடுவதாக இல்லை. "டெஸ்ட் எந்தத் தேதியில் எடுத்தது, ரத்தம் ஏற்றியது எந்தத் தேதியில்?" என்கிறார். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. ஃபைலைத் தேடுகிறேன்.

பிப்ரவரி 18

ரத்தம் ஏற்றியது பதினொன்றாம், பன்னிரண்டாம் நாள், இரண்டு யூனிட். ஜி6பிடி எடுத்தது பதினான்காம் நாள்.

அதாவது சோதித்ததில் ஒரு பங்கு இன்னொருவர் ரத்தம். அதோடு, குறைபாடுள்ள கிழட்டு அணுக்கள் முதலில் உடைந்துபோக, மிஞ்சியதும் புதிதாகப் பிறந்ததும் இளம் அணுக்கள். இளம் அணுவில் நொதி கூடுதலாகவே இருக்கும். வீட்டில் திருட்டு போன மறுநாள் ஆட்களை எண்ணிப் பார்த்து "திருடன் யாரும் இல்லை" என்று எழுதிக்கொடுத்த கதை. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டுமாம். ஏற்றிய ரத்தத்தின் அணுக்களும் போய்த் தொலைய வேண்டும் என்பதால் நான்கு மாதம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 23

இன்று இரண்டு கேள்விகள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசை.

ஒருவருக்குக் காமாலைக்குப் பின் கொலஸ்ட்ரால் 390, நல்ல கொலஸ்ட்ரால் எனும் எச்டிஎல் 7. மாரடைப்பு வந்துவிடுமோ என்று பயம். பித்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கும்போது லிப்போபுரோட்டீன் எக்ஸ் என்ற ஒரு விசித்திரத் துகள் ரத்தத்தில் சேர்ந்து கொலஸ்ட்ராலை உயர்த்திக் காட்டும், எச்டிஎல் தரைமட்டமாகும். எனக்கும் 340 வரை போய் இரண்டு மாதத்தில் தானாக இறங்கியது. காமாலை இறங்கிய பிறகு எடுப்பதுதான் உண்மையான அளவு. இப்போதே ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) தொடங்கவா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

இன்னொருவர் மகிழ்ச்சியில் இருக்கிறார். பத்து வருடச் சர்க்கரை நோய், மூன்று மாத சர்க்கரை சராசரி (எச்பிஏ1சி) எப்போதும் எட்டுக்கு மேல், காமாலைக்குப் பின் 4.7. "கிருமி சர்க்கரையைத் தின்றுவிட்டதா?" இல்லை அண்ணே. சிவப்பணு எவ்வளவு நாள் சர்க்கரையில் ஊறியது என்பதைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. உங்களுக்கும் ஹீமோகுளோபின் இறங்கியது என்று எழுதியிருந்தீர்கள், பழைய அணுக்கள் உடைந்து புதியவை வந்துவிட்டன, அவை இன்னும் ஊறவில்லை. கொண்டாட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மார்ச் 2

கேள்வி கேட்டவரின் மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். கிரியேட்டினின் 1.9 வரை ஏறி, ட்ரிப்ஸ் கொடுத்தே இறங்கிவிட்டது. 1.3 என்றபோதே வலி ஊசியை நிறுத்தினார்களாம். பில் பற்றிய பேச்சை அவர் இப்போது எடுப்பதில்லை, நானும் கிளறவில்லை.

ஆனால் "சிறுநீர் தெளிந்து பத்து நாளாகியும் கண் மஞ்சள் போகவில்லையே" என்கிறார். எனக்கு ஏழாவது வாரம் வரை இருந்தது, பயந்து இரண்டு தடவை ஓடினேன். காமாலை நீண்டால் பிலிருபினில் ஒரு பங்கு ஆல்புமினோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அது சிறுநீரில் இறங்காது, ஆல்புமின் மறையும்போதுதான் மறையும். ஆல்புமினுக்கு அரை ஆயுள் மூன்று வாரத்துக்குக் கிட்ட. அதனால் சிறுநீர் முதலில் வெளுக்கும், கண் கடைசியில். மஞ்சள் குறைந்து மறுபடி ஏறினால் மட்டும் காட்டுங்கள். சிலருக்கு ஹெபடைடிஸ் ஏ போன மாதிரி போய் இன்னொரு சுற்று வருவதுண்டு.

எனக்கு அடைப்பு விலகிய பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நாள் சிறுநீர் வரத் தொடங்கியது. வந்தது என்றால் அப்படி வந்தது, நாளைக்கு நாலரை லிட்டர். கிட்னி சரியாகிவிட்டது என்று தம்பி எல்லோருக்கும் போன் போட்டுவிட்டான். நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) சிரிக்கவில்லை. குழாய்கள் திறந்துவிட்டன, உப்பையும் தண்ணீரையும் திரும்பப் பிடித்து வைக்கும் வேலையை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பொட்டாசியம் 2.9-க்கு இறங்கியது. அதே வாரத்தின் முன்பாதியில் பொட்டாசியம் ஏறிவிடும் என்று பயந்து டயாலிசிஸ் செய்தவர்கள், பின்பாதியில் அதையே ட்ரிப்ஸில் ஏற்றினார்கள்.

மார்ச் 9

படுத்தே கிடக்க வேண்டுமா என்று மூன்றாவது ஆள் கேட்கிறார். 1955-இல், கொரியப் போர்க் காலத்து அமெரிக்கப் படைவீரர்களிடம் தாமஸ் சால்மர்ஸ் குழு இதைப் பரிசோதித்தே பார்த்துவிட்டது. தீவிர நிலை தாண்டியவர்களைக் கட்டிலோடு கட்டிப்போட்டதில் தனி லாபம் எதுவும் தெரியவில்லை. களைப்பாக இருந்தால் படுங்கள், இல்லையென்றால் நடங்கள்.

தடுப்பூசி: வந்தவருக்கு வேண்டாம், எதிர்ப்பு ஆயுளுக்கும் நிற்கும். கூட இருப்பவர்களுக்கு, தொற்றுக்கு ஆளான இரண்டு வாரத்துக்குள் போட்டால் பயன் உண்டு. ஆல்கஹால் ஜெல்லை நம்பாதீர்கள், இந்த வைரஸுக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

மார்ச் 21

ஜி6பிடி வந்துவிட்டது. குறைவு. லேப்பின் கீழ் எல்லையில் நாலில் ஒரு பங்கு.

பிப்ரவரி 16-இல் "எனக்கு அந்தக் குறைபாடு இல்லை" என்று எழுதியதைத் திருத்தப் போவதில்லை, அப்படியே கிடக்கட்டும். ஆனால் பிப்ரவரி 8-இல் மாத்திரைதான் குற்றவாளி என்று நான் என்னையே தூக்கில் போட்டுக்கொண்டது கொஞ்சம் அவசரம். எட்டு மாத்திரை கெடுத்தது உண்மைதான், வாந்தியும் கெடுத்தது. ஆனால் 41 பிலிருபினுக்கும் 8.1 ஹீமோகுளோபினுக்கும் அவை காரணம் இல்லை. அது பிறந்த நாளிலிருந்தே என்னோடு இருந்திருக்கிறது, 38 வருடம் சத்தமே போடவில்லை.

மார்ச் 22

லேப்காரருக்கு நன்றி சொன்னேன். "அக்கா தங்கை உண்டா?" என்று அடுத்த விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, எனக்கு அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அக்காவுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வந்திருந்தால் அவள் பையனுக்கும் பாதிக்குப் பாதி. தம்பிக்கும் அதே கணக்கு. என் மகளுக்குக் கணக்கே இல்லை, என்னிடமிருந்து அவளுக்கு நிச்சயம் போயிருக்கும். தம்பி நாளைக்குக் கொடுக்கிறான், ஊசி என்றால் அவனுக்கு உயிர் போகும்.

டாக்டர் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார், தவிர்க்க வேண்டியவை: பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபுரன்டாயின், ராஸ்பூரிகேஸ், மெத்திலீன் புளூ. கடைசியில் கையால் எழுதியிருக்கிறார், அந்துருண்டை. நாஃப்தலீன் போட்ட உருண்டை அணுக்களை உடைக்குமாம். வீட்டில் எல்லா அலமாரியிலிருந்தும் பொறுக்கினேன், ஒரு டப்பா சேர்ந்தது. என் மனைவி இப்போது பட்டுப்புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு, பூச்சி அரித்தால் யார் பொறுப்பு என்று கேட்டபடி நிற்கிறாள்.